நாகப்பட்டினம்: கப்பல் கரைக்கு வராத துறைமுகம்

கேள்வி: சோழர் காலத்தில் கடல் கடந்த நாடுகளெல்லாம் வந்துபோன துறைமுகம் என்று நாகப்பட்டினத்தைப் பற்றிப் படிக்கிறோம். நேரில் போனால் கோட்டையும் இல்லை, விகாரையும் இல்லை, பெரிய கப்பலும் இல்லை. இந்த ஊருக்கு என்னதான் ஆயிற்று? அங்கே எதைப் பார்ப்பது?

பதில்: பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க நாகையில் எப்போதுமே வசதி இருந்ததில்லை. கடல் ஆழமில்லாமல் மெல்லச் சரிந்து போகிறது. கடுவையாற்று முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் கப்பல் இரண்டு மூன்று மைல் தள்ளி நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் தோணியில் போய் ஏற வேண்டும். இந்த ஊர் வாழ்ந்ததற்கும் நொடித்ததற்கும் பாதிக் காரணம் இந்த ஒரு ஏற்பாட்டில் இருக்கிறது. ஆண்டவர்கள் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் நாகை புரியாது.

அப்படியிருந்தும் ஏன் எல்லோரும் இங்கே வந்தார்கள்? வரைபடத்தைப் பாருங்கள். தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் கோடியக்கரை. அங்கே கரை மேற்கே மடங்கிவிடும். அதைத் தாண்டினால் பாக் நீரிணை, ஆழம் குறைந்த கடல். பெரிய கலங்கள் அந்த வழியில் போக முடியாது. ஆக, வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து போய்வருகிறவர்களுக்கு ஆழக்கடல் பக்கம் கடைசியாகக் கிடைக்கிற நல்ல துறை நாகைதான். முதுகுக்குப் பின்னால் காவிரி டெல்டாவின் நெல்லும் துணியும். எதிரே கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா), மலாக்கா. தெற்கே ஈழம். தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே போய், மழைக்காலம் ஓய்ந்த தை, மாசியில் வாடைக் காற்றைப் பிடித்துத் திரும்பிவிடலாம். பாய்மரக் காலத்தில் சோழமண்டலக் கரை முழுக்கவே திறந்த கடல் துறைதான். சென்னைக்கும் அன்று இதே கதி. எல்லோருக்கும் ஒரே குறை இருந்ததால் நாகையின் குறை குறையாகத் தெரியவில்லை.

தேவாரக் காலத்திலேயே இது பணக்கார ஊர் என்பதற்குச் சுந்தரர் சாட்சி. ஊரின் சிவன் கோயிலான நாகைக்காரோணத்துப் பதிகத்தில் அவர் இறைவனிடம் கேட்பவை கஸ்தூரி, சாந்து, பட்டு, முத்துமாலை, காற்றைப் போல ஓடும் குதிரை. வேறு தலங்களில் நெல்லும் பொன்னும் கேட்டவர் இங்கே கடைத்தெருவைப் பார்த்துவிட்டுக் கேட்டது போலக் கேட்கிறார். கஸ்தூரியும் குதிரையும் இந்த மண்ணில் விளைகிற சரக்கா என்ன?

சூளாமணி விகாரையைப் பற்றி ஒரு தவறு பரவலாகச் சொல்லப்படுகிறது. அதை ராஜராஜன் கட்டவில்லை. கடாரத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் எடுப்பித்த பௌத்தப் பள்ளி, அதாவது பிக்குகளின் மடம் அது. ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அந்தச் சாசனம்தான் ஆனைமங்கலச் செப்பேடு. ஒரு வளையத்தில் கோத்த 21 ஏடுகள், 5 வடமொழியில், 16 தமிழில். தமிழ்ப் பகுதியைப் படித்துப் பார்த்தால் சோழ அரசாங்கம் எப்படி வேலை செய்தது என்பது கண்ணுக்குத் தெரியும். நிலம் 97 வேலிக்கு மேல். அதிலிருந்து வரவேண்டிய நெல் 8,943 கலமும் சில்லறையும். சில்லறையையும் தூணி, குறுணி, நாழி வரை எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லையைக் காட்ட ஒரு பிடியை, அதாவது பெண் யானையை, நடக்க விட்டு அது சூழ்ந்து வந்த வழியையே எல்லையாகக் குறித்தார்கள். கையொப்பமிட்ட அதிகாரிகள், ஊரார் பட்டியல் தனி.

ராஜேந்திரன் 1025-இல் அதே கடாரத்தின் மேல் படையெடுத்தான். ஆனால் நாகையில் இருந்த கடாரத்தார் பள்ளிக்குக் கேடு வரவில்லை. 1090-இல் கடாரத்துத் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, பள்ளிச்சந்த நிலங்களுக்கு, அதாவது பள்ளிக்குக் கொடையாக விட்ட நிலங்களுக்கு, வரி நீக்கிச் சாசனம் வாங்கிப் போயிருக்கிறார்கள். அதில் ஊரின் பெயர் சோழகுலவல்லிப்பட்டினம். மேலே அரசர்கள் மோதினாலும் கீழே வணிகர்கள் கணக்கை மூடாத ஊர் இது. இந்தக் குணம் பிறகும் பல தடவை தலைகாட்டும்.

பௌத்தம் இங்கே சோழரோடு முடிந்துவிடவும் இல்லை. 1476-இல் பர்மாவிலிருந்து இலங்கைக்குப் போய்த் திரும்பிய பிக்குகள் கப்பல் உடைந்து கரையேறி நாகைக்கு வந்தபோது, பழைய பள்ளி இருந்த இடத்தைக் கண்டு வழிபட்டதாகப் பர்மாவின் கல்யாணிக் கல்வெட்டு சொல்கிறது. ஊருக்கு வடபுறம் ஒரு கோபுரம் 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள், ஐரோப்பியர்கள் சீனக் கோயில் என்றார்கள். 1846-இல் அதைப் பார்த்த ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் எழுதிவைத்த குறிப்பின்படி, நாலு பக்கம், மூன்று நிலை, சாந்தே இல்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கல் கட்டடம். 1856-இல் இயேசு சபையார் அதன் அருகே ஒரு பெரிய மரத்தை அகற்றித் தோண்டியபோது புத்தர் சிலைகள் கிடைத்தன. 1867-இல் அரசு அனுமதியோடு கோபுரத்தையே இடித்துவிட்டார்கள். கடலிலிருந்து பார்த்தால் தெரிகிற அடையாளம், ஆயுள் முடியாமலே போயிற்று. அதுதான் சூளாமணி விகாரை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், சீன வணிகருக்காக எழுந்தது என்பார்கள் வேறு சிலர். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை, நீங்களும் தீர்ப்பு சொல்ல அவசரப்பட வேண்டாம். வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் அடுத்தடுத்துத் தோண்டியதில் மொத்தம் 350 அளவுக்குப் பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன.

போர்த்துகீசியர் காலம் சுவாரசியமானது. 16ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் கோவா அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்கு ஒதுங்கி வந்து தனி வியாபாரம் செய்தவர்கள். நெல்லைக் கொண்டுபோய் விற்று, பாக்கும் கிராம்பும் வாங்கி வந்தார்கள். மன்னரின் கோட்டை வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இல்லை. கோட்டை இருந்தால் சுங்கமும் வருமே! 1658-இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், எளிதாக ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். தஞ்சை நாயக்கர் விஜயராகவர் அதை ஏற்றார். பின்னால் வந்த மராத்திய ஏகோஜி 1676-இல் வெள்ளித் தகட்டில் எழுதி உறுதி செய்தார். 1690-இல் பழவேற்காட்டிலிருந்து சோழமண்டலத் தலைமையகத்தை இங்கே மாற்றிய ஒல்லாந்தர், பெரும் செலவில் ஒரு கோட்டையும் கட்டினார்கள்.

இந்த இடத்தில் பழைய குறை கடித்தது. திறந்த கடல் துறையில் நிற்கும் கப்பலுக்குக் கோட்டைப் பீரங்கி பெரிய காவல் ஆகாது. ஐப்பசி பிறந்தால் புயலுக்குப் பயந்து போர்க்கப்பல்கள் இந்தக் கரையையே விட்டுப் போய்விடும். கடலைக் கையில் வைத்திருக்கிறவனுக்குத்தான் நாகை. 1746, 1758, 1782 என்று மூன்று தடவை இந்தக் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். நாகை பெயரிலேயே அந்தப் போர்கள் எழுதப்பட்டிருக்கின்றன, ஆனால் மூன்றிலும் நாகைக்காரர்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. 1781 அக்டோபர், நவம்பரில் மூன்று வார முற்றுகையில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தார்கள். 1784 உடன்படிக்கையில் மற்ற இடங்களைத் திருப்பிக் கொடுத்தபோதும் நாகையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1799 முதல் 1845 வரை தஞ்சாவூர் ஜில்லாவின் தலைநகர் இதுதான் என்பது பலருக்குத் தெரியாது. பிறகு கலெக்டர் கச்சேரி தரங்கம்பாடிக்குப் போய், அப்புறம்தான் தஞ்சாவூருக்குப் போனது.

ஊரின் மறுபாதி நாகூர். வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர், அதே நகராட்சி. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் தர்கா. ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி, அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங். ஆண்டு விழாவான கந்தூரியில் சந்தனக்கூடு நாகையிலிருந்து புறப்பட்டு இரவெல்லாம் ஊர்ந்து நாகூருக்குப் போகும். கடலோடிகளின் ஆண்டகை என்பதால், தமிழ் முஸ்லிம் வணிகர்களான மரக்காயர்களின் கப்பல்கள் போன இடத்துக்கெல்லாம் அவர் நினைவும் கூடவே போனது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா என்ற பெயரிலேயே நினைவிடங்கள் உண்டு. சிங்கப்பூரில் இருப்பது 1828-30-இல் எழுந்தது. அதே போல மீனவர்களுக்கு அதிபத்த நாயனார். நுளைப்பாடி, இன்றைய நம்பியார் நகர்ப் பக்கத்து மீனவர். கிடைத்ததில் சிறந்த மீனைத் தினமும் இறைவனுக்கு என்று கடலில் விட்டவர், வறுமைக் காலத்தில் வலையில் வந்த பொன்மீனையும் விட்டார் என்பது கதை. ஆவணி ஆயில்யத்தில் நாகைக்காரோணத்து இறைவன் காயாரோகணர் கடற்கரைக்கு எழுந்தருள, பொன்மீன் விடும் விழா இன்றும் நடக்கிறது. அதே கோயிலில் இருக்கும் சுந்தரவிடங்கத் தியாகருக்கு உரிய நடனம் பாராவாரதரங்கம், கடலலை போல ஆடுவது. தியாகராஜருக்கு உரிய ஏழு சப்தவிடங்கத் தலங்களில் வேறெந்த ஊருக்கு இது பொருந்தும்?

இனி, ஊர் உண்மையில் சரிந்த கதை. 1861-62-இல் நாகையிலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு ரயில் பாதை போட்டார்கள். நாகைதான் அந்த ரயில் கம்பெனியின் தொடக்க முனை, தலைமையிடம், ரயில் பட்டறை எல்லாம். துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுவரப் போட்ட பாதை அது. ஆனால் சென்னையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் பெரிய பாதை வந்ததும், டெல்டா நெல்லும் ஆளும் எதிர்த்திசையிலும் போகலாம் என்றாகிவிட்டது. 1900களின் தொடக்கத்தில் சென்னையில் அலைதடுப்புச் சுவர்களுக்குள் கப்பல் அமைதியாக வந்து நிற்கும் துறைமுகம் ஒழுங்கானது. கப்பல்களும் பெரிதாகிவிட்டன. எல்லோருக்கும் பொதுவாக இருந்த குறை அன்று முதல் நாகைக்கு மட்டும் ஆனது. ரயில் தலைமையகம் திருச்சிக்குப் போயிருந்தது. 1920களின் கடைசியில் பட்டறையும் திருச்சிப் பொன்மலைக்குப் போனது. நாகையில் பிறந்த செயின்ட் ஜோசப் கல்லூரி 1883-இலேயே திருச்சிக்கு மாறிவிட்டது. ஊரின் படிப்பும் சம்பளமும் ரயிலேறிப் போயின என்று சொன்னால் மிகையில்லை.

எஞ்சியது ஆள் ஏற்றுமதி. மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிய கூலிகள் பெரும்பாலும் நாகையில்தான் கப்பலேறினார்கள். டிப்போ என்ற முகாமில் அடைத்து வைத்து, வைத்தியச் சோதனை, அம்மை குத்துதல் முடிந்த பிறகு தோணிக்கு அனுப்புவார்கள். முகத்துவாரத்து மணல் திட்டைத் தாண்டக் கடல் ஏற்றம் பார்த்துத்தான் தோணி விட வேண்டும். வெளியே அலையில் ஏறி இறங்கும் தோணியிலிருந்து, அசையாமல் நிற்கும் கப்பலின் ஏணியைப் பிடிப்பதற்கு ஒரு கணம்தான் இருக்கும். தோணி மேலே எழும்பும்போது கால் வைக்க வேண்டும், இறங்கும்போது வைத்தால் கால் நசுங்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் ஏற்றும் வேலையே நடக்காது. மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் கரையில் காத்துக் கிடப்பார்கள். பினாங்கு போனதும் ஜெரெஜாக் தீவில் மறுபடி தனிமை முகாம். இந்திய அரசு 1938-இல் தோட்டக் கூலிகளின் பயணத்தைத் தடை செய்தது. அதன் பிறகும் ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அடுத்து வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு பயணிகள் கப்பல் முடிந்தது. பினாங்கில் கடையும் நாகூரில் வீடும் என்று இரண்டு கரையிலும் கால் வைத்திருந்த குடும்பங்களுக்குத் திடீரென்று கடல் அகலமாகிப்போனது.

இன்றைய நாகை மீன்பிடி ஊர், அரசு அலுவலக ஊர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,02,905. 1991-இல் தஞ்சாவூரிலிருந்து தனி மாவட்டமானது. 1997-இல் திருவாரூரும் 2020-இல் மயிலாடுதுறையும் பிரிந்து போக, மாவட்டம் கடலோர நறுக்காகச் சுருங்கிவிட்டது. மீன்வளப் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை ஒன்று ஓடியது, நரிமணத்தில் எண்ணெய்க் கிணறுகள். இவை எதுவும் ஊரின் குணத்தை மாற்றவில்லை. கரையில் மீனவர் பஞ்சாயத்தார் சொல்தான் சட்டம். அக்கரைப்பேட்டையும் நம்பியார் நகரும் பல கிராமங்களுக்குத் தலைக்கிராமங்கள். மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை பிடிக்கலாமா கூடாதா என்ற சண்டையில் கரையே இரண்டாகப் பிரிந்து நிற்பதையும், அதே பஞ்சாயத்தார் கூடிப் பேசி ஒத்திப்போடுவதையும் பார்க்கலாம்.

2004 டிசம்பர் 26 பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. தமிழகத்தில் சுனாமிக்குப் பலியான சுமார் 8,000 பேரில் 6,065 பேர் அன்றைய நாகை மாவட்டத்தவர். ஏன் இங்கே மட்டும் இத்தனை? கோடியக்கரைக்குத் தெற்கே, பாக் நீரிணைப் பக்கத்துக்கு இலங்கை அரணாக நின்றது. நாகை அந்த மறைவுக்கு வெளியே, ஆழக்கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. எந்த இருப்பிடம் கடாரத்துக் கப்பலை வரவழைத்ததோ, அதே இருப்பிடம்தான் அலையையும் நேராக வாங்கியது. கீச்சாங்குப்பமும் அக்கரைப்பேட்டையும் கடலுக்கும் கடுவையாற்றுக்கும் நடுவே இருக்கும் ஒடுங்கிய தரை. முன்னால் கடல் தண்ணீர், பின்னால் ஆற்று வழியாக ஏறிய தண்ணீர், ஓட இடமில்லை. ஆற்றில் கட்டியிருந்த விசைப்படகுகள் அறுத்துக்கொண்டு வீடுகள் மேல் மோதின. 1952, 1977 புயல்கள், 2018 கஜா, எல்லாம் இதே திறந்த கரையில்தான்.

சரி, போனால் எதைப் பார்ப்பது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, அப்போது அக்கரைப்பேட்டையில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், சந்தை இருக்காது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, நாகையில் அறை கிடைப்பது கஷ்டம். நவம்பர், டிசம்பர் மழை. ஜனவரி, பிப்ரவரி சௌகரியம். விடியற்காலை அக்கரைப்பேட்டை ஏலம், பிறகு காயாரோகணர் இருக்கும் நீலாயதாட்சி கோயில், நடை சாத்துவதற்குள் சௌந்தரராஜப் பெருமாள் கோயில். 1774-இல் கட்டிய ஒல்லாந்தரின் புனித பேதுரு தேவாலயமும் அவர்கள் கல்லறைத் தோட்டமும் உண்டு. கோட்டையைத் தேட வேண்டாம், இல்லை. மாலையில் நாகூர். அங்கே வாடா சாப்பிடாமல் வராதீர்கள். அரிசி மாவில் தேங்காயும் வெங்காயமும் பிசைந்து தட்டி, நடுவில் இறாலை அழுத்தி எண்ணெயில் போடுவது. சூட்டில் ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருக்க வேண்டும். ஆறிப்போனால் ரப்பர்தான், அதனால் பொரித்து எடுக்கிற கடையாகப் பார்த்து நில்லுங்கள். இனிப்புக்கு ரவையில் செய்யும் தம்ரூட்.

கப்பல் ஆசை இருந்தால் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகலாம். 2023 அக்டோபர் 14-இல் ‘செரியபாணி’ என்ற சிறு கப்பலோடு தொடங்கி, சில நாளிலேயே மழைக்காலத்தைக் காட்டி நிறுத்தி, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’யோடு மறுபடி விட்டார்கள். சுமார் 4 மணி நேரப் பயணம். முகத்துவாரத்தைத் தூர்வாரித்தான் விட முடிந்தது. மழைக்காலத்தில் நிற்கும், கடல் சரியில்லாவிட்டாலும் நிற்கும். எனவே திரும்பும் தேதியை இறுக்கிப் போடாதீர்கள், அடுத்த நாளே சென்னையில் வேலை என்றால் போகவே போகாதீர்கள். கடவுச்சீட்டு கட்டாயம், இலங்கை நுழைவு அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

நாகையின் புத்தர்களைப் பார்க்க நாகைக்குப் போய்ப் பயனில்லை. நல்ல திருமேனிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் இருக்கின்றன. ஆனைமங்கலச் செப்பேடு ஒல்லாந்தரோடு ஐரோப்பா போய் 1862-இல் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, அதனால்தான் லெய்டன் செப்பேடு என்ற பெயர். ரயிலுக்கு எழும்பூர் வருகிறவர்கள் இரண்டு மணி நேரம் முன்னால் வந்து முதலில் அந்தக் கூடத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.